மலையகத்தில் பெற்றோல் ப்ளோவர்: கயிறை இழுப்பதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

பங்களாத் தோட்டங்கள், விடுதிகள், கோயில் வளவுகள் என்று இலை கூட்டும் வேலை உள்ள இடங்களுக்கெல்லாம் இப்போது இலையைக் காற்றால் ஊதித் தள்ளும் ப்ளோவர் மெஷின் வந்துகொண்டிருக்கிறது. புதிதாக அதைக் கையில் எடுக்கும் தம்பிமாருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மெஷினைத் தூக்கியதும் ஸ்டார்ட் செய்யும் கயிறை இழுக்கிறார்கள். காதை மூடுவது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பது, இலை எங்கே போய் விழும் என்று யோசிப்பது எல்லாம் இஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அந்தச் சத்தத்துக்குள் நின்றுகொண்டு எதையும் நிதானமாகச் செய்ய முடியாது.

அதனால் இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசை முக்கியம். கயிறு ஐந்தாவது படியில்தான் வருகிறது.

1. வெறுங்கையோடு ஒரு சுற்று

மெஷினை ஸ்டோரிலேயே விட்டுவிட்டு, ஊதப் போகும் இடம் முழுக்க ஒருமுறை நடந்து பாருங்கள். பத்து நிமிடம் போதும்.

முதலில் தலையை நிமிர்த்திப் பாருங்கள். குளவிக்கூடு இருக்கிறதா? மரக்கிளை, கூரைத் தாழ்வாரம், பங்களாவின் பழைய புகைபோக்கி, வேலிப் பற்றை எல்லாவற்றையும் பாருங்கள். தரையில் மண்பொந்துக்குள் போய்வரும் குளவியும் உண்டு, ஆகவே கீழேயும் பாருங்கள். கொழுந்து மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இல்லாத தோட்டம் நம் பக்கத்தில் இருக்காது. ப்ளோவரின் சத்தமும் அதிர்வும் காற்றும் சேர்ந்தால் கூடு கலைய வேறொன்றும் வேண்டாம். காதை அடைத்திருப்பதால் அவை வரும் சத்தமும் உங்களுக்குக் கேட்காது. கூடு கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தை அன்று விட்டுவிடுங்கள். துரையோ விடுதி முதலாளியோ அவசரப்படுத்தினாலும் விட்டுவிடுங்கள். கூட்டை அகற்றத் தெரிந்தவர்கள் வந்து போன பிறகு பார்க்கலாம்.

அடுத்து தரை. உடைந்த போத்தல், கம்பித் துண்டு, ஆணி, நாய் அசிங்கம், பிள்ளைகள் விட்டுப்போன விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எடுங்கள். ப்ளோவர் குழாயின் வாயில் காற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டும். அந்த வேகத்தில் ஒரு சின்னச் சரளைக்கல் போய் முகத்தில் பட்டால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

படிக்கட்டில் பாசி எங்கே இருக்கிறது, தண்ணீர் ஓடும் கான் எங்கே திறந்து கிடக்கிறது, தரை எங்கே முடிந்து பள்ளம் தொடங்குகிறது என்பதையும் இப்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இலை மூடிய கானுக்குள் கால் வைத்து முறித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். மூடிய கான் இருந்தால் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள்.

கடைசியாகக் காற்று. ஒரு பிடி காய்ந்த இலையை எடுத்துத் தோள் உயரத்திலிருந்து விடுங்கள். அது விழும் பக்கத்துக்குத்தான் அன்று ஊத வேண்டும். நுவரெலியா, ஹட்டன் பக்கம் ஜூன், ஜூலையில் மழையும் ஈரமும்தான் தொல்லை. அதே மாதங்களில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் மழை குறைந்து வறண்ட காற்று பலமாக அடிக்கும். அங்கே அந்த மாதங்களில் காலை வேளையைத் தவறவிட்டால், பிறகு ஊதுவதில் பலன் இல்லை. கூட்டிய குவியலைக் காற்று உங்களுக்கு முன்னால் கலைத்துவிடும்.

2. இந்தச் சத்தம் யாருக்குக் கேட்கும்?

மலைச்சரிவில் சத்தம் கீழே இறங்கும், எதிர்மலையில் பட்டுத் திரும்பவும் வரும். பங்களா மேட்டில் நின்று நீங்கள் ஊதுவது கீழே தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள் இருக்கும் லயத்தில் தெளிவாகக் கேட்கும்.

அந்த லயத்தில் காலை ஏழு மணிக்கு யார் தூங்குகிறார்கள் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? தேயிலை பெக்டரியில் இரவு வேலை முடித்து வந்தவர்கள் தூங்குகிறார்கள். கொழுந்து வாட்டுவதும் அரைப்பதும் இரவிலும் நடக்கும் வேலை. அவர்களுக்குக் காலைதான் இராத்திரி. புதிதாக வந்த ஒரு தம்பி ஒரு லயத்து வீட்டின் இஸ்தோப்புக்கு (முன் விறாந்தைக்கு) நேர் மேலே நின்று முழு வேகத்தில் ஊதிக்கொண்டிருந்தார். ஒரு அம்மா வெளியே வந்து சத்தம் போடவில்லை. மேலே பார்த்து, கையிரண்டையும் கன்னத்தோடு சேர்த்துத் தலையைச் சாய்த்துக் காட்டிவிட்டு உள்ளே போனார். நான் அன்றைக்கே நேரத்தை மாற்றினேன்.

அதனால் ஊதுவதற்கு முதல் நாள் மாலையே போய்ச் சொல்லிவிடுங்கள். "அக்கா, நாளைக்கு ஒன்பது மணிக்கு மேல மெஷின் போடுவோம், அரை மணி நேரந்தான். ஏதும் கரைச்சல் இருக்கா?" இவ்வளவுதான். யார் வீட்டில் இரவு வேலை, எங்கே கைக்குழந்தை, யார் சுகமில்லாமல் படுத்திருக்கிறார் என்பதெல்லாம் இந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். துணி காயப்போடாமல் இருக்கவும் அவர்களுக்கு வசதி. வெயில் குறைந்த ஊரில் ஒருமுறை துவைத்துக் காயவைத்த உடுப்பில் தூசி படிவது சின்ன விஷயம் இல்லை.

தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா பக்கத்தில் இருந்தால் குழந்தைகள் தூங்கும் நேரத்தைக் கேட்டு ஒதுக்கிவிடுங்கள். மரண வீடு நடக்கும் லயத்துக்கு மேலே அன்று மெஷினையே எடுக்கக் கூடாது. சாதாரண தர, உயர்தரப் பரீட்சை நாட்களில் பாடசாலைப் பக்கமும் அப்படித்தான்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் பாடசாலை, வைத்தியசாலை, நீதிமன்றம், பொது நூலகம் போன்றவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் இருக்கும் பகுதி அமைதி வலயம். அதே விதிகளில் பகல் என்பது காலை 6 முதல் மாலை 6 வரை. ஆனால் ஆறு மணிக்குத் தொடங்கலாம் என்று இதற்கு அர்த்தம் எடுக்காதீர்கள். என் கணக்கில் காலை 8.30க்கு முன் வேண்டாம். அந்த நேரத்தில் பனி ஈரம் இருக்கும், இலையும் நகராது.

3. காது, கண், மூக்கு, கால்

இதெல்லாம் உடம்பில் ஏறிய பிறகுதான் மெஷின் கைக்கு வர வேண்டும். இஞ்சினை ஓடவிட்டுவிட்டுக் காதடைப்பானைத் தேடுகிறவர்கள் நிறைய. கைகளில் ஒன்று மெஷினில் இருக்கும்போது காதை ஒழுங்காக அடைக்க முடியாது.

காது: பெற்றோல் ப்ளோவரைப் பிடித்திருப்பவரின் காதுக்கு 90 முதல் 100 டெசிபல் அளவில் சத்தம் வரும், பெரிய மெஷின் என்றால் இன்னும் கூட. 85 டெசிபலை எட்டு மணி நேரம்வரை தாங்கலாம் என்பது தொழில் சுகாதாரத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணி நேரம். 100 என்றால் பதினைந்தே நிமிடம். காது கேட்கும் திறன் மெதுவாகப் போகும், போனது திரும்பி வராது. அதனால்தான் இதை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

காதுக்குள் பஞ்சு வைப்பது பலன் தராது. பாட்டுக் கேட்கும் இயர்போனும் உதவாது. சத்தத்தை மீறிக் கேட்க அதைக் கூட்டுவீர்கள், காதுக்கு இரண்டு பக்கமும் அடி. ஃபார்மசியிலோ ஹார்ட்வெயார் கடையிலோ கிடைக்கும் ஸ்பொஞ்ச் அடைப்பானை வாங்குங்கள். விரலால் மெல்லியதாக உருட்டி, மற்றக் கையால் தலைக்குப் பின்னாலிருந்து காதை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலால் அரை நிமிடம் பிடியுங்கள். பாதி வெளியே தொங்கினால் அடைக்கவில்லை என்று அர்த்தம். ஹெட்போன் மாதிரியான காது மூடி இருந்தால் இன்னும் நல்லது, அதற்கடியில் மப்ளரோ தொப்பியோ இருக்கக் கூடாது. இடைவெளி வழியாகச் சத்தம் உள்ளே போகும்.

கண்: பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி. வெயில் கண்ணாடி போதாது, தூசி பக்கவாட்டில் நுழையும்.

மூக்கு: கொரோனாக் காலத்தில் எல்லாரும் பழகிய என்95 மாஸ்க். இலையோடு பறவை எச்சமும் எலி மூத்திரம் காய்ந்த மண்ணும் பூஞ்சையும் எழும்பும். துணி மாஸ்க் இதைத் தடுக்காது.

கால்: சப்பாத்து. செருப்போடு வந்தவருக்கு நான் மெஷின் கொடுப்பதில்லை.

மப்ளர்: நம் குளிரில் கழுத்தில் மப்ளர் சுற்றாமல் காலை வேலைக்கு வருகிறவர் குறைவு. ப்ளோவரின் ஒரு பக்கத்திலோ பின்னாலோ காற்றை உள்ளே இழுக்கும் விசிறி இருக்கிறது. தொங்கும் மப்ளர், ஜெக்கெட் கயிறு, அவிழ்த்துவிட்ட தலைமயிர், சேலைத் தலைப்பு எதுவானாலும் அதற்குள் இழுபட்டுவிடும். மப்ளரைக் கழற்றிவிட்டுக் கழுத்து மூடிய பனியன் போடுங்கள்.

கையுறை குளிருக்கு மட்டும் இல்லை. அதிர்வோடு குளிரும் சேர்ந்தால் விரல் நுனிக்கு இரத்தம் குறைந்து வெளுக்கும், மரத்துப்போகும். அப்படி ஆனால் நிறுத்திக் கையைச் சூடாக்குங்கள். அடிக்கடி வந்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.

4. பெற்றோலும் எண்ணெயும்

பெரும்பாலான ப்ளோவர்கள் டூ ஸ்ட்ரோக். அவற்றில் இஞ்சின் எண்ணெய்க்குத் தனி இடம் கிடையாது, பெற்றோலோடு கலந்து போகும் எண்ணெய்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. வெறும் பெற்றோல் ஊற்றி ஓட்டினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் சிலிண்டரைச் சுரண்டி இறுகிவிடும். பிறகு திருத்தும் செலவைப் பார்த்தால் புதிது வாங்கலாம் போலிருக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் மெஷினும் இருக்கிறது, அதற்குக் கலவை ஊற்றக் கூடாது. எது உங்களுடையது என்பது டேங்க் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும்.

கலவை அளவும் அங்கேதான் இருக்கும். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு:

50க்கு 1 என்றால் 20 மில்லிலீற்றர் எண்ணெய்.
40க்கு 1 என்றால் 25 மில்லிலீற்றர்.
25க்கு 1 என்றால் 40 மில்லிலீற்றர்.

"மூடியால ரெண்டு மூடி" என்ற கணக்கு வேண்டாம், மூடிகள் எல்லாம் ஒரே அளவு இல்லை. ஃபார்மசியில் ஊசி இல்லாத 20 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று வாங்கி அதை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லிக்கொடுத்தவற்றில் எல்லாரும் உடனே பிடித்துக்கொண்டது இந்த சிரிஞ்ச்தான்.

எண்ணெய், காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்கான டூ டி (2T) எண்ணெயாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் ஃபோர் ஸ்ட்ரோக் எண்ணெய் இதில் சரியாக எரியாது. படகு இஞ்சினுக்கான எண்ணெயும் வேண்டாம், அது தண்ணீரால் குளிரும் இஞ்சினுக்குச் செய்தது. பெற்றோல் 92 ஒக்டேன் பெரும்பாலான மெஷின்களுக்குப் போதும்.

கலப்பதை மெஷினின் டேங்குக்குள் செய்யாதீர்கள், எண்ணெய் அடியில் தங்கிவிடும். தனியான பெற்றோல் கானில் பாதிப் பெற்றோலை விட்டு, எண்ணெயை ஊற்றி, மூடிக் குலுக்கி, மீதிப் பெற்றோலையும் விட்டு மறுபடி குலுக்குங்கள். கானில் திகதி எழுதி ஒட்டுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் பழையதை ஊற்ற வேண்டாம், பெற்றோல் கெட்டு, காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேட்டரில் பிசினாகப் படியும். வாரம் ஒருமுறைதான் ஊதுவீர்கள் என்றால் ஒரு லீற்றருக்கு மேல் கலக்காதீர்கள்.

தண்ணிப் போத்தலில் கலவையை வைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். டூ டி எண்ணெய் கலந்த பெற்றோல் பச்சையாகவோ சிவப்பாகவோ, பிள்ளைகளுக்குச் சர்பத் மாதிரித் தெரியும். லயத்துக் காம்பராவிலும் வைக்கக் கூடாது. விறகடுப்பு, சாமி விளக்கு, குப்பி விளக்கு ஏதாவது ஒன்று அங்கே எரிந்துகொண்டிருக்கும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு ஊர்ந்து நெருப்பைத் தேடிப் போகும்.

டேங்கில் ஊற்றும்போது இஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வேலைக்கு நடுவில் பெற்றோல் தீர்ந்தால் பத்து நிமிடம் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடியுங்கள், காதுக்கும் கைக்கும் அந்த ஓய்வு தேவை. ஊற்றியபின் சிந்தியதைத் துடைத்து, மூடியை இறுக்கி, ஊற்றிய இடத்திலிருந்து குறைந்தது 3 மீற்றர் தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

5. ஸ்டார்ட் செய்வது

வெளியில்தான். கராஜ், ஸ்டோர், மூடிய விறாந்தை எங்கேயும் வேண்டாம். புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது, மயக்கம் வந்த பிறகுதான் தெரியும்.

மெஷினைச் சமதரையில் வையுங்கள். முதுகில் சுமக்கும் வகையானாலும் முதலில் தரையில் வைத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். குழாயின் வாய் ஆளோ கண்ணாடி ஜன்னலோ இல்லாத பக்கம் பார்க்கட்டும்.

பெற்றோல் ஏற்றும் றப்பர் குமிழை ஆறு ஏழு தடவை அமுக்குங்கள், அதற்குள் பெற்றோல் தெரியும்வரை. இஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் சோக்கை மூடுங்கள். இடது கையால் மெஷினை அழுத்திப் பிடித்து, வலது கையால் கயிறை மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் தடுக்கும். அங்கிருந்துதான் வேகமாக இழுக்க வேண்டும். முழு நீளத்துக்கும் இழுக்காதீர்கள், உள்ளே முடிச்சு அறுந்துவிடும். இழுத்த கயிறைக் கைவிட்டுப் பாயவும் விடாதீர்கள், கையோடு திரும்பக் கொண்டுபோய் விடுங்கள்.

இரண்டு மூன்று இழுப்பில் இஞ்சின் ஒருமுறை இருமும். அந்த இருமலைக் கவனிக்க வேண்டும். இருமியதும் சோக்கைப் பாதிக்குத் திறந்து மறுபடி இழுங்கள், பிடித்துக்கொள்ளும். புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். இருமலைக் கவனிக்காமல் சோக்கை மூடியபடியே இழுத்துக்கொண்டிருப்பார்கள். பெற்றோல் நிறைந்து, தீப்பொறி தரும் பிளக் நனைந்துவிடும். அப்புறம் "அண்ணே, மெஷின் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்று ஒரு குரல். அப்படி நனைந்துவிட்டால் சோக்கை முழுக்கத் திறந்து, அக்சிலேட்டரை முழுக்க அமுக்கியபடி பத்துப் பதினைந்து தடவை இழுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைத்துப் பூட்டுங்கள்.

பிடித்ததும் ஒன்றிரண்டு நிமிடம் மெல்ல ஓடவிட்டுச் சூடாக்குங்கள். நுவரெலியாவின் ஜனவரிக் காலையில் இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும். குளிர்ந்த இஞ்சினை உடனே முறுக்கினால் பிஸ்டனும் சிலிண்டரும் ஒரே அளவில் விரியாது, தேய்மானம் அங்கேதான் தொடங்கும்.

மலை உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரிசெய்து வந்த மெஷின் இங்கே வந்ததும் பெற்றோல் கூடி, காற்றுக் குறைந்து, புகை தள்ளும், முக்கி முனகும், பிளக் கறுத்து ஈரமாகும். மெஷின் பழுது என்று நினைக்காதீர்கள். காபரேட்டரைச் சரிசெய்யத் தெரிந்த ஆளிடம் கொடுத்து இந்த உயரத்துக்கு அமைக்கச் சொல்லுங்கள். இங்கே அமைத்த மெஷினை அப்படியே கீழ்நாட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டினால் பெற்றோல் குறைந்து இஞ்சின் சூடேறிக் கெடும். இடம் மாறினால் அமைப்பும் மாற வேண்டும்.

6. ஊதும் விதம்

அக்சிலேட்டரில் கை வைத்ததும் கடைசிவரை அமுக்காதீர்கள். காய்ந்த இலை பாதி வேகத்திலேயே நகரும். வேகம் குறைந்தால் சத்தம் குறையும், தூசி குறையும், பெற்றோலும் மிச்சம். முழு வேகம் தேவைப்படும் இலை பெரும்பாலும் ஈர இலைதான், அதற்குச் சரியான வழி காத்திருப்பது. பத்து மணி வெயில் அரை மணி நேரம் பட்டாலே புல்தரையில் இலை தானாகப் பிரியும். மூடுபனி விலகாத நாளில் ஈர்க்குமாறே வேகமான கருவி.

குழாயின் வாயைத் தரைக்கு ஒரு சாண் உயரத்தில், படுத்தவாக்கில் பிடியுங்கள். நேராகக் கீழே குத்தி ஊதினால் இலை வட்டமாகச் சிதறும், மண்ணும் பெயரும். இலையின் அடியில் காற்று நுழைய வேண்டும், அப்போதுதான் பாயைச் சுருட்டுவது மாதிரி வரும். கையை வீசாமல் இடுப்பிலிருந்து திரும்பி, இடம் வலமாக அகலமான வீச்சு, ஒரு வீச்சுக்கு ஒரு அடி முன்னே. நடந்து வந்த பாதைக்குத் திரும்பி வராதபடி ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கி வாருங்கள்.

மரத்துக்கு மரம் விதம் மாறும். கிரவேலியா இலை பெரிது, காய்ந்தால் இலேசு, பாதி வேகம் போதும். யூகலிப்டஸ் இலை, நம் பக்கத்தில் டர்பன்டைன் என்போமே, அது தட்டையாகத் தரையோடு ஒட்டும், குழாயை இன்னும் தாழ்த்த வேண்டும். சைப்பிரஸ், பைன் ஊசியிலை புல்லுக்குள் குத்தி நிற்கும். அதை முதலில் ரேக்கால் கிளறிவிட்டு ஊதுங்கள், இல்லாவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் சத்தம்தான் மிச்சம்.

சரளைப் பாதையில் மிகக் குறைந்த வேகம், குழாய் உயரமாக. வாகனங்கள் நிற்கும் இடத்தில் ஊதவே வேண்டாம், கூட்டுங்கள். பூப்பாத்தியிலும் தேயிலைச் செடி அடியிலும் கிடக்கும் இலையை அப்படியே விடுங்கள். அது மழையடியில் மண்ணைக் காக்கும் போர்வை. அதை ஊதினால் இலையோடு மேல்மண்ணும் போகும், சரிவு நிலத்தில் அந்த மண் திரும்பி வராது.

15 மீற்றருக்குள் ஆளோ நாயோ வந்தால் உடனே வேகத்தை விட்டு, குழாயைத் தரைக்குத் திருப்பி, அவர்கள் கடந்து போகும்வரை நில்லுங்கள். தலையில் கொழுந்துக் கூடையோடு வருகிறவருக்கு உங்களைப் பார்த்து ஒதுங்க இடமிருக்காது, நீங்கள்தான் ஒதுங்க வேண்டும்.

பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். ஒரே இடத்தில் இரண்டு மெஷின் ஒன்றாக ஓட வேண்டாம். வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் காதுக்குள் இரைச்சல் இருந்தால் அடைப்பான் சரியாக இருக்கவில்லை, அல்லது நேரம் கூடிவிட்டது.

7. சரிவும் படியும்

கையில் பிடிக்கும் மெஷின் நாலைந்து கிலோ. முதுகு மெஷின் பத்துக் கிலோ அளவில். அந்தப் பாரம் ஏறியதும் உங்கள் உடம்பு பின்னுக்குச் சாயும். பாசிப் படியில் இறங்கும்போது அது போதும் விழுத்த. சரிவில் குறுக்காக நடந்து ஊதுங்கள். மேலும் கீழுமாக ஏறி இறங்க வேண்டாம், பின்னோக்கி ஓர் அடியும் வைக்க வேண்டாம். படிக்கட்டை மேல்படியில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி நின்று ஊதிவிட்டு அடுத்ததற்கு இறங்குங்கள். நடந்துகொண்டே ஊதக் கூடாது.

முதுகு மெஷினின் வாரைக் கழற்றி விழுத்துவதை இஞ்சின் ஓடாதபோது நாலைந்து தடவை பழகுங்கள். குளவி வந்தாலோ விழப்போனாலோ பாரத்தைக் கழற்றிவிட்டு ஓட வேண்டிவரும். அந்த நேரத்தில் கொளுக்கியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஏணி, மதில், கூரை மேல் ஏறி ஊதுவது வேண்டவே வேண்டாம்.

8. இலை எங்கே போய்ச் சேரும்?

இதைத் தீர்மானிக்காமல் ஊதுகிறவர், இலையைத் தன் இடத்திலிருந்து அடுத்தவர் இடத்துக்கு மாற்றுகிறார், அவ்வளவுதான். சரிவில் இலையைக் கீழே தள்ளுவது சுலபம். ஆனால் கீழே லயத்துக் கூரையோ மரக்கறித் தோட்டமோ தண்ணீர் பிடிக்கும் பீலியோ இருக்கும். பீலியிலும் தண்ணித் தொட்டியிலும் இலை விழுந்து அழுகினால் அந்தத் தண்ணீரைத்தான் அவர்கள் குடிக்கவும் சமைக்கவும் எடுக்க வேண்டும்.

கானுக்குள் தள்ளுவதுதான் நான் பார்க்கும் மிக மோசமான பழக்கம். அன்றைக்கு எல்லாம் சுத்தமாகத் தெரியும். அடுத்த பெருமழையில் இலை பாதைக்கு அடியில் போகும் மதகின் வாயில் போய் அடைக்கும், தண்ணீர் கானை விட்டு வெளியே பாய்ந்து மேட்டுக்குள் இறங்கும். மண்சரிவு எச்சரிக்கை வரும் மாவட்டங்களில் வாழ்கிறோம். மழைநீர் ஒழுங்காக ஓடிப்போகும் கான் ஒன்றுதான் கீழே இருக்கும் வீடுகளுக்குக் காவல். கானுக்கு இரண்டு அடி இருக்கும்போதே மெஷினை நிறுத்தி, மிச்சத்தைத் தும்புத்தடியால் உங்கள் பக்கம் கூட்டி எடுங்கள்.

குவியல் சேரும் இடத்தில் முதலிலேயே ஒரு பழைய படங்கை விரித்து வையுங்கள். இலையை அதன்மேல் ஊதிச் சேர்த்து, நாலு மூலையையும் பிடித்துத் தூக்கினால் வேலை முடிந்தது. குவியலை நாள்கணக்கில் போட்டு வைத்துவிட்டு வெறுங்கையால் அள்ளாதீர்கள், பாம்பு புகுந்திருக்கும். எரிக்கவும் வேண்டாம். மூடுபனிக்குள் புகை மேலே போகாமல் லயத்துக்குள்ளேயே நிற்கும், சளிக்காரப் பிள்ளைகளும் வயதானவர்களும்தான் பாவம். கிரவேலியா இலையைப் பசளைக் குழியில் போடுங்கள். டர்பன்டைனும் பைனும் உக்க நாள் எடுக்கும், அவற்றைத் தனியாகப் போட்டு நடைபாதை ஓரத்துக்குப் பாவியுங்கள்.

9. நிறுத்திய பிறகு

ஒரு நிமிடம் மெல்ல ஓடவிட்டுப் பிறகு அணையுங்கள். சூடான சைலன்சரோடு மெஷினைக் காய்ந்த புல்லில் வைக்காதீர்கள். பெப்ரவரி, மார்ச் வெயிலில் மானாப்புல்லும் பைன் ஊசியும் தீப்பிடிக்கக் காத்திருக்கும். மண்ணிலோ சிமெந்திலோ வையுங்கள்.

எயார் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஸ்பொஞ்ச் என்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துப் பூட்டுங்கள். கடதாசி என்றால் தட்டித் தூசி எடுக்க மட்டும் செய்யுங்கள், கழுவினால் கெட்டுவிடும். தூசி அடைத்த ஃபில்டர் சோக் மூடியபடி ஓட்டுவதற்குச் சமம். மெஷின் நாளுக்கு நாள் பலம் குறைந்துகொண்டே வந்தால், ஃபில்டருக்கு அடுத்து சைலன்சர் வாயில் இருக்கும் சல்லடையைப் பாருங்கள், கரி அடைத்திருக்கும். பிளக்கின் இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர், கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. இவற்றில் எதைத் தொடுவதற்கு முன்னும் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள்.

மழை மாதங்களில் ஒரு மாதத்துக்கு மேல் எடுக்க மாட்டீர்கள் என்றால் டேங்கில் இருப்பதைப் பெற்றோல் கானுக்குள் ஊற்றிக் காலி செய்து, மீதி தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். அப்புறம் ஈரமில்லாத, உயரமான இடத்தில் தொங்கவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் தரையில் கிடக்கும் மெஷினின் கம்பியெல்லாம் இரண்டு மாதத்தில் துருப்பிடிக்கும்.

சிரிஞ்சையும் காதடைப்பானையும் அதே ஆணியில் ஒரு பையில் மாட்டி வையுங்கள். அடுத்த தடவை மெஷினை எடுக்கிறவர் அந்தப் பையை எடுக்காமல் மெஷினை எடுக்க முடியாதபடி, பை முன்னாலும் மெஷின் பின்னாலும் இருக்கட்டும்.